"எல்லாரும் திருடன்தான்" என்று சொல்லிவிட்டுப் போகும் தம்பிகளுக்கு

#1 நெல்லுக்கடையார் | ஜனவரி 27, இரவு 9:50

நேற்று எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்கள். மீதி என்னைப் போல நரைத்தவர்கள். முப்பது வயதுக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் மைக்செட் போட வந்தவன்.

கூட்டம் முடிந்து வரும் வழியில் டீக்கடை வாசலில் என் அக்கா மகன் பைக்கின் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சினியரிங் முடித்து மூன்று வருடம் ஆகிறது. "ஏண்டா, நூறு அடி தள்ளித்தானே கூட்டம் நடந்தது, வந்திருக்கலாமே" என்றேன். "போங்க மாமா, எல்லாரும் திருடன்தான். ஓட்டுக்குக் குடுத்த ஐநூறாவது நமக்கு மிஞ்சுச்சு" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஐநூறை ஐந்து வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 27 பைசா என்ற கணக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்தக் கணக்கை அவன் பத்தாம் வகுப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் பார்த்துச் சலித்திருப்பான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவன் வீட்டு வாசலில் போன வருடம் போட்ட சிமென்ட் சாலை இந்த மழைக்கே பெயர்ந்துவிட்டது. அதற்கான செலவுக் கணக்கைத்தான் நேற்று அந்த மரத்தடியில் வாசித்தார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லை. "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவனைப் போன்ற தம்பி தங்கைகள் இங்கே நிறையப் பேர் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம்தான் கேட்கிறேன். எல்லாரும் திருடன் என்றே வைத்துக்கொள்வோம். திருடன் என்று தெரிந்த பிறகு சாவியை அவனிடமே கொடுத்துவிட்டு நாம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

---

#2 குரூப்ஃபோர்_கனவு | ஜனவரி 27, இரவு 10:31

ஐயா, வணக்கம். நீங்கள் தேடுகிற ஆள் நான்தான். வயது 25. டிகிரி முடித்து நாலு வருடமாக டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறேன்.

எதை நம்பி வரச் சொல்கிறீர்கள்? 2ஜி அலைக்கற்றை ஊழல் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2012-இல் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அந்தப் பக்கம் சொத்துக் குவிப்பு வழக்கு. 1996-இல் ஆரம்பித்து 2017 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத்தின் முடிவு வந்தது. முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா அதற்கு இரண்டு மாதம் முன்பே காலமாகிவிட்டார். அந்த வழக்கு ஆரம்பித்தபோது நான் பிறக்கவே இல்லை.

அதுவாவது பெரிய இடம். எங்கள் வாழ்க்கையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2019 குரூப் 4 தேர்வு. மறையும் மையில் விடை எழுதிவிட்டு வருவார்களாம், விடைத்தாள் போகும் வழியில் வேறொருவர் சரியான விடையைக் குறிப்பாராம். ராத்திரி பகலாகப் படித்தவன் எல்லாம் முட்டாளா? என் அறைத்தோழன் அந்த மாதமே புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு திருப்பூருக்குப் போனவன்தான், திரும்பவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். போராட்டம், புகார் என்று போய் என் மேல் ஒரு வழக்கு விழுந்தால், நாளை வேலை கிடைத்து போலீஸ் விசாரணை வரும்போது யார் வந்து நிற்பீர்கள்? என் அம்மா "உனக்கு எதுக்குப்பா ஊர் வம்பு" என்று சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

---

#3 சும்மா_படிப்பவன் | ஜனவரி 27, இரவு 10:44

தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

---

#4 ரேங்க்லிஸ்ட்_ரங்கன் | ஜனவரி 28, காலை 6:15

குரூப்ஃபோர்_கனவு, நீங்கள் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே தேர்வை எழுதித் தோற்றவன் நான். மீதியை நான் சொல்கிறேன்.

அது எப்படி வெளியே வந்தது என்று யோசித்தீர்களா? தரவரிசைப் பட்டியல் வந்ததும் நம்மைப் போன்ற பசங்கள் தூக்கம் வராமல் அதை வரிவரியாகப் பார்த்தார்கள். முதல் நூறு இடங்களில் வந்தவர்களில் பலர் ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டு மையங்களில் எழுதியவர்கள். அதிலும் சிலருக்குச் சொந்த மாவட்டம் வேறு எங்கோ. சென்னைப் பக்கம் இருப்பவன் எதற்கு ராமேஸ்வரம் போய்த் தேர்வு எழுத வேண்டும்? அந்த ஒரு கேள்வி குழுக்களில் சுற்றியது. டெலிகிராமில் சண்டை போட்டோம். பிறகு பத்திரிகைக்குப் போயிற்று. 2020 ஜனவரியில் தேர்வாணையமே 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்து கைதுகள் நடந்தன.

யாரும் சாலை மறியல் செய்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. விரக்தியில் இருந்த பசங்கள்தான் ஒரு பட்டியலை ஒழுங்காகப் படித்தார்கள். அவர்கள் நீங்கிய பிறகு பட்டியலில் அவர்கள் பிடித்திருந்த இடங்கள் யாருக்கோ நியாயமாகப் போயிருக்கும். எனக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

---

#5 நெல்லுக்கடையார் | ஜனவரி 28, காலை 7:40

ரங்கன், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

கனவுத் தம்பிக்கு: நீ சொன்ன பெரிய வழக்குகளைப் பற்றி என்னிடம் பதில் இல்லை. 2ஜி தீர்ப்புக்கு மேல்முறையீடு போயிருக்கிறது, அது அதன் வேகத்தில் நடக்கட்டும். சொத்துக் குவிப்பு வழக்குக்கு 21 வருடம் என்பது யாருக்கும் நம்பிக்கை தராது. ஆனால் நான் கூப்பிடுவது டெல்லிக்கு அல்ல, டீக்கடையிலிருந்து நூறு அடிக்கு.

அப்புறம், நானும் யோக்கியன் போல் பேசக் கூடாது. அப்பா இறந்த பிறகு பட்டா மாறுதலுக்கு ஐந்து மாதம் அலைந்தேன். ஆறாவது மாதம் ஒரு புத்தகத்துக்குள் வைத்து இரண்டாயிரம் கொடுத்தேன். மறுநாள் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சாமர்த்தியம் போலச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள். அந்தச் சோறு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

---

#6 வழக்குக்கட்டு | ஜனவரி 28, பகல் 1:05

மதிய இடைவேளையில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நெல்லுக்கடையாருக்கு ஒரு கசப்பான செய்தி. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவரையும் நேரடியாகக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போய்விட்டால் இன்னும் நல்லது. ரூபாய் நோட்டில் பினாப்தலின் தூளைத் தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் ரோஜா நிறம். இது வேலை செய்யும் முறைதான், நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் புகார்தாரர் சாட்சிக் கூண்டில் வந்து நிற்க வேண்டும். நடுவில் ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பிறழ்சாட்சி ஆன வழக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

குரூப்ஃபோர்_கனவு கேட்டதற்கு: தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது வழக்கு ஆகாது, போராட்டமும் ஆகாது. எந்த எஃப்.ஐ.ஆரிலும் உங்கள் பெயர் வராது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டாம், பிரிவு 6(2). காவல்துறைச் சரிபார்ப்பில் "இவர் ஆர்.டி.ஐ. போட்டார்" என்று ஒரு பத்தியும் கிடையாது. அனுமதியில்லாமல் மறியலில் உட்கார்ந்தால் வழக்கு வரலாம், அந்தப் பயம் நியாயமானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

#7 ஓவர்சீயர்_ஓய்வு | ஜனவரி 28, இரவு 8:20

31 வருடம் சர்வீஸ் போட்டவன். என் பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். நெல்லுக்கடையார் சொன்ன சிமென்ட் சாலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு தெருவுக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று மதிப்பீடு போட்டால் மொத்தம் 45 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவை என்றால் கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமென்ட். ஆக 360 மூட்டை. ரெடிமிக்ஸ் லாரியில் வந்தால், லாரிக்கு 6 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏழரை லோடு. உங்கள் வாசலில் எத்தனை லாரி வந்தது என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். நாலு வந்திருந்தால் மீதி எங்கே?

எங்கே குறைப்பார்கள் என்பதையும் கேளுங்கள். ஓரத்தில் பலகை அடித்து 15 சென்டிமீட்டர் சரியாக வைப்பார்கள். அளக்க வருபவர் டேப்பை ஓரத்தில்தான் வைப்பார். நடுவில் மண்ணைக் குவித்து மேடாக்கி வைத்திருப்பார்கள். அங்கே கனம் பாதிகூட இருக்காது. பிறகு நீராற்றுதல், அதாவது கியூரிங். கான்கிரீட் போட்ட பிறகு ஒரு வாரமாவது சாக்குப் போட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும். இரண்டாம் நாளே டிராக்டர் ஓடும். முதல் மழையில் பெயர்வதற்கு வேறு சதி எதுவும் தேவையில்லை.

இது எல்லாம் எழுதப்படும் இடம் அளவுப் புத்தகம். ஆபீசில் எம்-புக் என்போம். அதில் எழுதிய அளவுக்குத்தான் பில். நான் நேர்மையாக இருந்தேனா என்று கேட்பீர்கள். பாதி நாள் இருந்தேன். மீதி நாள் எழுதச் சொன்னதை எழுதினேன். கமிஷன் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், ஊருக்கு ஊர் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எம்-புக்கைப் பொதுமக்கள் யாராவது கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த வாரம் முழுக்க ஆபீசில் யாருக்கும் மதியச் சாப்பாடு இறங்காது. என் சர்வீஸில் அப்படி இரண்டு முறைதான் நடந்தது. இரண்டு முறையும் கேட்டது ஒரே பள்ளிக்கூட வாத்தியார்.

---

#8 சும்மா_படிப்பவன் | ஜனவரி 28, இரவு 8:52

பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு ஐந்து லாரி வந்தது. எண்ணியது பாட்டி இல்லை, என் ஆறு வயதுப் பையன். அவனுக்கு அந்த உருளும் லாரி என்றால் உயிர்.

---

#9 முன்னாள்_வார்டு | ஜனவரி 29, காலை 11:30

நான் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்கள் மாநிலத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. முதல் கூட்டத்தில் "உங்க வீட்டுக்காரர் வரலையா" என்று கேட்டார்கள்.

தம்பிகளா, கிராம சபையில் நடக்கும் தந்திரம் ஒன்று சொல்கிறேன். கூட்டத்துக்கு வந்தவுடன் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் வருகைப் பதிவேடு என்று நினைத்துப் போடுவீர்கள். தீர்மானங்களைப் பிறகு ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையது. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் இருந்தால்தான் கூட்டமே செல்லும், ஊர் பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணும் கூடும். அதனால்தான் நூறு நாள் வேலை அக்காக்களை வரிசையாக உட்கார வைக்கிறார்கள். அவர்கள் தலை எண்ணிக்கைக்கு.

செய்ய வேண்டியது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. தீர்மானத்தை அங்கேயே எழுதி, அங்கேயே வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கல்லூரிப் பெண் இதைச் செய்தாள். ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அந்தப் பதிவேட்டில் இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் நின்றுபோனது. அவள் எதுவும் பேசவில்லை, கத்தவில்லை. கிளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரை வைத்து ஊராட்சியை ஓட்டும் காலமும் உண்டு. 2016-லிருந்து 2019 வரை மூன்று வருடம் அப்படித்தான் போனது. அப்போது கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லை. கிராம சபை மட்டும்தான் இருந்தது. அதையும் நாம் விட்டுவிட்டால் யாரை நோவது?

---

#10 யாழ்_தெருவிளக்கு | ஜனவரி 29, மாலை 5:48

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதத்துக்குள் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். "இளைஞர்கள் எழுந்தால் எல்லாம் மாறும்" என்று இந்தப் பக்கம் யாராவது எழுதினால் எங்களுக்கு 2022 நினைவுக்கு வரும்.

பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கொழும்பு காலிமுகத்திடலில் ஏப்ரல் 9 இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். நீச்சல் தடாகத்தில் குளித்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போய்ப் பதவி விலகினார். அதற்குப் பிறகு நடந்ததை வெளியில் குறைவாகத்தான் பேசுவார்கள். ஜூலை 20 பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. 22 அதிகாலை இராணுவம் வந்து அந்தக் கூடாரங்களைப் பிடுங்கியது. அன்று எத்தனை பேர் "இதுக்குத்தானா" என்று அழுதார்கள் தெரியுமா?

வடக்கில் எங்களில் பலர் அந்தப் போராட்டத்தைத் தள்ளி நின்றுதான் பார்த்தோம். எங்கள் கேள்விகள் வேறு, அவை அந்தத் திடலில் ஓரமாகத்தான் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் கதை 22ஆம் தேதியோடு முடியவில்லை. 2023 நவம்பரில் எங்கள் உயர் நீதிமன்றம் (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டவர்கள் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. 2024-இல் பாராளுமன்றத்தில் மூன்று ஆசனம் மட்டும் வைத்திருந்த கூட்டணி 159 ஆசனம் எடுத்தது. யாழ் மாவட்டத்தில் ஆறில் மூன்று அவர்களுக்கு. அவர்கள் நல்லவர்களா என்பதைக் காலம் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது, திடலில் நின்ற பெடியள் சிலர் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது. எனக்குத் தெரிந்த ஒருவன் தகவல் அறியும் விண்ணப்பம் எழுதுகிறான். எங்கள் சட்டம் 2016-இல்தான் வந்தது. பிரதேச சபைக் குப்பை லொறிக்கு எத்தனை லீற்றர் டீசல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

---

#11 குரூப்ஃபோர்_கனவு | ஜனவரி 29, இரவு 11:12

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சரி, ஒரு கேள்வி. நான் டீசல் கணக்கும் எம்-புக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் மேலே உட்கார்ந்து கோடிகளில் அடிப்பவர்களுக்கு அது வசதிதானே? ஓவர்சீயரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அமைச்சரை விட்டுவிடுவது என்ன ஊழல் ஒழிப்பு? 2011-இல் அண்ணா ஹசாரே உண்ணாவிரதத்துக்கு ஊரே மெழுகுவர்த்தி ஏந்தியது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன், நானும் தொப்பி போட்டேன். அதில் என்ன மிச்சம்?

---

#12 ரேங்க்லிஸ்ட்_ரங்கன் | ஜனவரி 30, காலை 6:02

நியாயமான கேள்வி. மேலே இருப்பதும் காகிதத்தில்தான் மாட்டுகிறது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மார்ச்சில் ஸ்டேட் வங்கி பட்டியல் கொடுத்தது. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எந்த மாதம் கொடுத்தது என்பதை ராத்திரியோடு ராத்திரியாகப் பொருத்திப் பார்த்தது யார்? எக்ஸெல் தெரிந்த பசங்கள்தான். எல்லாக் கட்சி ஆதரவாளர்களும் அன்று ஒரே நேரத்தில் சங்கடப்பட்டதை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

---

#13 ஓவர்சீயர்_ஓய்வு | ஜனவரி 30, காலை 9:35

தம்பி, என்னைப் பிடித்துக் கொடுத்தால் போதுமா என்று கேட்கிறாய். போதாது. ஆனால் ஒன்று புரிந்துகொள். மேலே போகும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு லாரி குறைகிறதே, அதுதான் சேர்ந்து மேலே போகிறது. தேர்தலுக்கு வீடு வீடாக வரும் கவரும் அதிலிருந்துதான். திருமங்கலம் என்ற ஊர்ப் பெயரே 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு ஃபார்முலாவின் பெயர் ஆகிவிட்டது, பாவம் அந்த ஊர். பணப் பட்டுவாடாவால் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை 2016-இல் நிறுத்தினார்கள். ஆர்.கே. நகரை 2017-இல் நிறுத்தினார்கள். வேலூர் நாடாளுமன்றத் தொகுதியை 2019-இல் நிறுத்தினார்கள். நிறுத்தி, மறுபடி நடத்தினார்கள். கவர் நின்றதா? கவருக்குள் இருப்பது உங்கள் தெரு சிமென்ட்.

---

#14 மட்டுறுத்துநர் | ஜனவரி 30, காலை 10:10

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட ஊராட்சித் தலைவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஆதாரம் கையில் இல்லாமல் பெயர் போட வேண்டாம். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

---

#15 நெல்லுக்கடையார் | ஜனவரி 30, இரவு 9:05

2011-ஐப் பற்றித் தம்பி கேட்டதற்கு. அந்தக் கூட்டம் கலைந்துபோனது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கதை இருக்கிறது, அதை யாரும் தொப்பி போட்டுக் கொண்டாடவில்லை. ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண் என்பது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலி குறைத்துக் கொடுத்தார்கள் என்று தொழிலாளிகள் வருகைப் பதிவேட்டைக் கேட்டார்கள். அதை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரை விட்டுப் போனவர் பெயரில் கூலி என்று வந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பில். "நம்ம காசு, நம்ம கணக்கு" என்பதுதான் அவர்கள் கோஷம். 1996-இல் பியாவரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். அந்த வெயிலில் ஆரம்பித்ததுதான் 2005-இல் நாடு முழுதுக்கும் தகவல் உரிமைச் சட்டமாக வந்தது.

நம் தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, நாட்டிலேயே முதல் மாநிலங்களில் ஒன்று. விதிவிலக்குகளை அடுக்கி அதை ஓட்டை வாளியாக்கி வைத்திருந்தார்கள். அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை, சட்டம் போட்டவர்கள் உட்பட.

---

#16 முன்னாள்_வார்டு | ஜனவரி 31, காலை 10:20

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சின்ன ஊரில் மனுப் போட்டவன் யார் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். தகவல் கேட்டவர்களை அடித்த செய்திகளும், கொன்ற செய்திகளும் இந்த நாட்டில் வந்திருக்கின்றன. தனியாகப் போடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு மனு, ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம். ஒருவன் மிரட்டப்பட்டால் மற்ற நாலு மனு உயிரோடு இருக்கும். அதில் ஒன்றாவது வெளியூரில் வேலை பார்க்கும் பையன் பெயரில் இருக்கட்டும்.

---

#17 வழக்குக்கட்டு | ஜனவரி 31, பகல் 1:15

அக்கா சொன்னது சரியான யோசனை. வீட்டு முகவரி தர பயமாக இருந்தால் தபால் பெட்டி எண் கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் பலர் கேட்கிறீர்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இடம் தவறாக இருந்தாலும் ஐந்து நாளில் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "ஏன் தரமாகப் போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, கேள்வி. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். பிரிவு 2(ஜே) படி வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரிகூட எடுக்கலாம். பலருக்கும் இது தெரியாது. 30 நாள் கெடு. தாண்டினால் நகலை இலவசமாகவே தர வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் ஆணையம். அங்கே மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல் என்ற பெயரில் மறுப்பதற்கு வழியை அகலமாக்கி வைத்திருக்கிறது. அதனால் ஆள் பெயரைக் கேட்காமல் வேலையின் கணக்கைக் கேளுங்கள்.

---

#18 குரூப்ஃபோர்_கனவு | பிப்ரவரி 3, இரவு 9:47

நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். இன்று மனுவை ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பினோம். எங்கள் தெரு சாலைக்கான எம்-புக் பக்கம் என் பெயரில். மற்ற மூன்றும் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சமுதாயக் கழிப்பறை. அம்மாவிடம் சொல்லவில்லை. பெரிதாக நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

---

#19 சும்மா_படிப்பவன் | மார்ச் 8, மாலை 6:30

கனவுத் தம்பி, உயிரோடு இருக்கிறாயா? ஒரு மாதம் தாண்டிவிட்டது.

---

#20 குரூப்ஃபோர்_கனவு | மார்ச் 11, இரவு 8:15

இருக்கிறேன். நாலில் சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஒழுங்கான பதில் வந்தது. தெருவிளக்குக்கு "கோப்பு தணிக்கைக்குச் சென்றுள்ளது" என்று ஒரு வரி. கழிப்பறைக்குச் சத்தமே இல்லை. அந்த இரண்டுக்கும் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சாலைக்கு ஐந்து பக்கம் வந்திருக்கிறது. தபால்காரர் உறையை அம்மா கையில் கொடுத்துவிட்டார். அரசு முத்திரையைப் பார்த்து வேலைக்கான ஆர்டர் என்று நினைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். நான் வந்து பிரித்துச் சொன்னதும் ஒரு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த ரோட்டுலதான் போன மாசம் நான் தடுக்கி விழுந்தேன்" என்றார்.

இன்று காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் வருவதற்குள் அளக்கப் போனோம். தையல்கார அண்ணாவிடம் டேப் கேட்டேன், அது ஒன்றரை மீட்டர்தான். கொத்தனார் ஒருவரிடம் முப்பது மீட்டர் டேப் கிடைத்தது. மறுமுனையை அம்மாதான் பிடித்தார்.

ஓவர்சீயர் ஐயா, நீளம் சரியாக இருக்கிறது. புத்தகத்தில் 100, நாங்கள் அளந்ததும் 100. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

---

#21 ஓவர்சீயர்_ஓய்வு | மார்ச் 11, இரவு 8:22

நீளத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் தம்பி, இரண்டு முனையிலும் வீடு இருக்கும். அகலம் பார்த்தாயா?

---

#22 குரூப்ஃபோர்_கனவு | மார்ச் 11, இரவு 8:25

புத்தகத்தில் 3 மீட்டர். பத்து இடத்தில் அளந்தோம். ஒரு இடத்திலும் 2.70-ஐத் தாண்டவில்லை. பெயர்ந்துபோன ஒரு குழியில் கனம் 9 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் டேப் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

---

#23 முன்னாள்_வார்டு | மார்ச் 11, இரவு 8:40

படங்களை இங்கே போடாதே, உன் கையில் மட்டும் இருக்கட்டும். ஐந்து பக்கத்தையும் பத்து பிரதி எடுத்து வை. 22ஆம் தேதி தண்ணீர் தினக் கிராம சபை. காலை சீக்கிரம் போய் முன் வரிசையில் உட்காருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

---

#24 நெல்லுக்கடையார் | மார்ச் 11, இரவு 9:02

அக்கா மகனுக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டுகிறது. பதில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து, "மாமா, நம்ம வீட்ல பெரிய டேப் இருக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.